உன் சின்ன வயதுப் படங்கள் எங்கே

மகனே,

ஒருநாள் நீ என்னிடம் கேட்பாய். உன்னோடு படிக்கும் பிள்ளைகள் தாங்கள் கைக்குழந்தையாக இருந்த படங்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, "உம்மா, என் படம் எங்கே?" என்று வந்து நிற்பாய். நான் எடுக்காமல் இல்லை. நீ பிறந்த அன்று என் பழைய சேலைத் துணியில் சுற்றிக் கிடந்ததை எடுத்தேன். முடி இறக்கிய அன்று சந்தனம் பூசிய தலையோடு உதட்டைப் பிதுக்கியதை எடுத்தேன். முதன்முதலாகக் குப்புற விழுந்து, தலையைத் தூக்கி, இது என்ன புது ஊர் என்பது போலப் பார்த்தாயே, அதையும் எடுத்தேன். அவற்றில் ஒன்றுகூட இப்போது நம்மிடம் இல்லை. எங்கோ பத்திரமாக இருக்கின்றன, நாம்தான் பார்க்க முடியாது என்கிறார்கள் சிலர். இந்நேரம் அழித்திருப்பார்கள் என்கிறார்கள் சிலர். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் அதிகம் பயமாக இருக்கிறது.

எனக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. உனக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. வளர்ந்த மகனுக்குப் புத்தி சொல்லும் வயதில்லை எனக்கு. நீ இதை வாசிக்கும்போது இன்றைய என்னைவிட மூத்தவனாகக்கூட இருப்பாய். ஆனாலும் இப்போதே எழுதுகிறேன். பயம் ஆறிய பிறகு எழுதினால், நடந்ததெல்லாம் ஒரு கதைபோல ஆகிவிடும். இதை மடித்துப் பெட்டியில் வைக்காமல் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நம் வீட்டைப் பற்றி ஊர் பேசியது எல்லார் காதிலும் விழும்படிதான். பதிலும் எல்லார் கண்ணிலும் படட்டும். பெயர் மட்டும் போடவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் இல்லை.

நம் தெருவில் பெண்கள் கடைக்குப் போய்ப் போன் வாங்குவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் ஆண்பிள்ளை அங்கேயே வாங்கி, எல்லாவற்றையும் சரிசெய்து, ஊருக்கு வருகிறவர் கையில் சாக்லெட்டும் தைலமும் இருக்கும் பையோடு கொடுத்துவிடுவார். நாம் உறையைப் பிரித்துப் பேசத் தொடங்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் கணக்கு அவருடைய பெயரில். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும், நமக்கு எதற்கு என்று யாரும் கேட்பதுமில்லை. என் போனும் அப்படி வந்ததுதான். துபாயில் ஒரு சாமான் கிடங்கில் வேலை பார்க்கும் உன் வாப்பா அனுப்பியது. "ஒனக்குத் தனியா ஒண்ணு எதுக்கு? ஒரே கணக்கா இருந்தா நீ அங்கன எடுக்குத போட்டோ இங்கன எனக்குத் தானா வந்துரும்லா" என்றார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரே வீட்டில் இருக்க முடியாத இரண்டு பேருக்கு ஒரே அலமாரி இருப்பது போல.

அவர் விமானம் ஏறியபோது நீ என் வயிற்றில் இருந்தாய். அதனால் உன் வாப்பா உன்னைப் பார்த்ததெல்லாம் அந்த அலமாரிக்குள்தான். காலையில் கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால் திறந்து பார்ப்பார். உடனே போன் வரும். "என்னட்டி, பிள்ளைக்கு வேற சட்டை இல்லையா? நேத்துப் போட்டதுல்லா இது." நான் வாயைத் திறக்காமல் சிரிப்பேன். நான் அதிகம் பேசமாட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். அவரிடமும் அப்படித்தான். பேச வேண்டியதை எல்லாம் படமாக எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் நம் வீட்டில் துணி காயாது. குற்றாலம் போகும் சாலையை ஒட்டிய வீடு. மலையிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக உள்ளே வரும். உன் இடுப்புத் துணிகளை அடுக்களையில் கயிறு கட்டிப் போட்டேன். அடுப்புச் சூட்டில் காட்டினேன். அப்படியும் ஓரங்களில் ஈரம் இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி மாற்றும்போது பார்த்தால் உன் இடுப்புக்குக் கீழே எல்லாம் சிவந்து தடித்துக் கிடந்தது. நீ அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. உன் வாப்பாவைப் பெற்ற என் மாமி ஆட்டோக்காரருக்குப் போன் போட்டார்கள். அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று வந்த கார்கள் நம் வாசலைத் தாண்டி நகராமல் நின்றுகொண்டிருந்தன. "தென்காசி ஆஸ்பத்திரிக்கா? இன்னைக்குப் பறந்துதான் போகணும் ஆச்சி" என்றார் அவர்.

உன்னை எப்போதும் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு மாமியே பேசினார்கள். போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "சொல்லு பிள்ள, நீதானே பாத்த" என்றார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. டாக்டரம்மா, "சரி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா. வெளிச்சத்துல வச்சு, நல்லா கிட்டத்துல எடு" என்றார்கள். சன்னல் பக்கம் பாயை இழுத்துப் போட்டு உன்னைப் படுக்க வைத்து எடுத்தேன். நீ காலை உதைத்ததில் முதல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுத்தேன். மருந்தின் பெயர் வந்தது. பக்கத்துக் கடையிலேயே கிடைத்தது. மத்தியானம் நீ தூங்கிவிட்டாய். அந்தப் படத்தை நான் மறந்தும் போனேன். எடுத்த படமெல்லாம் அந்த அலமாரிக்குப் போகிற வழியில் ஏதோ ஓர் இயந்திரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியாது. நம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையிலேயே உன் வாப்பாவின் குரல் வேறு மாதிரி வந்தது.

"ஏட்டி, போன்ல என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலியே."

"எல்லாத்தையும் பூட்டிட்டாங்க. போட்டோ இல்ல, மெயில் இல்ல, ஒரு நம்பரு இல்ல. ஒம் நம்பரு மனப்பாடமாத் தெரியும், அதனால பேசுதேன்."

அந்தக் கணக்கை நடத்தும் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் நம் பக்கத்து ஊர்ச் சுரண்டைக்காரர்தான் வாசித்துச் சொன்னாராம். குழந்தைகளைத் தப்பான விதத்தில் காட்டும் படம் இந்தக் கணக்கில் இருக்கிறது, அதனால் மூடுகிறோம், அதிகாரிகளுக்குத் தெரிவிப்போம் என்று இருந்ததாம். "வாசிச்சு முடிச்சவன் போனை என் கையில தரலட்டி. கட்டில்ல வச்சிட்டு வெளிய போயிட்டான்" என்றார் உன் வாப்பா. அப்போதுதான் எனக்குச் சன்னலும் பாயும் ஞாபகத்துக்கு வந்தன. சொன்னேன். "அப்போ அது என் பிள்ளை படமா?" என்று மட்டும் கேட்டார்.

நடந்ததை எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினார். பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. அதை ஒரு மனிதர் வாசித்தாரா, பார்த்த இயந்திரமே பதிலும் போட்டதா, தெரியாது. படங்கள் போனதைப் பற்றி அப்போது நாங்கள் நினைக்கவே இல்லை. அதிகாரிகள் என்றால் எந்த ஊர் அதிகாரிகள்? கணக்கு அவர் பெயரில். அவர் இருப்பது அந்நிய நாட்டில். பாஷை தெரியாத ஊரில் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், அது என் மகனுடைய புண் என்று யாரிடம் எப்படிச் சொல்வார்? நான் எடுத்த படத்துக்கு அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் அவர் குரல் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பால் குறைந்துபோனது. நீ பசித்து அழுததற்கும் அந்தப் பயம்தான் காரணம்.

சுரண்டைக்காரர் தன் வீட்டுக்குச் சொன்ன பேச்சு, பஸ் ஏறி நம் தெருவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. ஒரு கல்யாண வீட்டில், சாப்பாட்டுப் பந்தியில், ஒரு பெண் மாமியிடம் கேட்டாள். "ஒங்க மவன் போன்ல என்னமோ படம் இருந்துச்சாம்லா?"

மாமி இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்கள். "ஆமா, எம் பேரன் படம் இருந்துச்சு. ஏன், ஒம் போன்ல ஒம் பேரன் படம் இல்லையா?"

பந்தியே சிரித்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாமி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். நான் வெளியே உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

ஒரு படத்தால் பேச்சுக் கேட்பது எனக்குப் புதிதல்ல. இதை நீ வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது கூடப் படித்த பிள்ளைகளோடு ஐந்தருவிக்குப் போனேன். குளித்துவிட்டு, உடை மாற்றி, காற்றில் தலையை உலர்த்திக்கொண்டு நின்றோம். யாரோ ஏதோ சொல்ல நான் சிரித்தேன். எதிரே நின்ற ஒரு பையன் அந்தச் சிரிப்பைப் படம் எடுத்து, ஒரு காதல் பாட்டோடு சேர்த்துத் தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். அவன் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது. படத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதை என் வாப்பா பார்த்தது ஒரு கடைக்காரருடைய போனில். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. "நாளையிலேருந்து பள்ளிக்கூடம் வேண்டாம்மா" என்றார், அவ்வளவுதான். பாதி வரைந்த வரைபடம் ஒன்று மேசைமேல் வெகுநாள் கிடந்தது. அந்தப் பையன் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டான்.

அந்த நாட்களில் நான் நினைத்துக்கொள்வேன், எல்லாருடைய போனையும் பார்க்க ஒன்று இருக்கக்கூடாதா, கேட்காமல் எடுத்த படத்தை அது அழித்துவிடாதா என்று. அப்படிப் பார்க்கிற ஒன்று அப்போதே இருந்ததோ என்னவோ. இருந்தாலும் என் சிரிப்பில் அது ஒரு தப்பையும் கண்டிருக்காது. உன் புண்ணில்தான் கண்டது.

பிறகு ஒரு மத்தியானம், சாதாரண நூல் சேலை கட்டிய ஒரு பெண் வாசலில் நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார். ஏட்டு என்று சொன்ன பிறகுதான் போலீஸ் என்று தெரிந்தது. தெருவில் யாரும் பேசக்கூடாது என்று சீருடை போடாமல் வந்திருந்தார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு உள் அறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். அவர் அவசரப்படவில்லை. மாமி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, "பிள்ளை தூங்குதானா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார். "முழிச்சதும் வா தாயி, நான் இருக்கேன்."

நீ விழித்துத்தான் இருந்தாய். என் முக்காட்டு நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாய். வெளியே வந்தேன். அவர் உன்னைத் தொடாமல் குனிந்து பார்த்தார். என்னிடம் கேள்விகள் கேட்டார். தலையசைத்தே பதில் சொன்னேன். டாக்டரம்மாவிடம் போனில் பேசினார். மருந்துக் குழாயைப் பார்த்தார். பிறகு, "எங்க பக்கம் இது முடிஞ்சுது. இங்கன ஒண்ணும் தப்பு இல்லன்னு நான் எழுதிருவேன். அந்தக் கம்பெனி தொறந்து விடுமான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

மாமிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "ஏம்மா, நான் ஒண்ணு கேக்கேன். எங்க வீட்டுப் படத்தைப் பாக்க அவன் யாரு? தட்டாம கொள்ளாம ஒருத்தன் உள்ள வந்தா அவனைத் திருடன்னுதானே சொல்லுவோம்?"

"நியாயந்தான் ஆச்சி. ஆனா இதே மாதிரி ஒரு தகவல் வந்துதான் இன்னொரு வீட்டுக்கும் போனேன்." அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "அது ஒங்க வீடு மாதிரி இல்ல. அந்தப் பிள்ளை யாருகிட்டயும் வாயத் தொறக்கல. பயம். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, டீச்சருக்குத் தெரியாது. அந்த மெஷின் மட்டும் சொல்லாட்டா நாங்க அந்தத் தெருவுக்கே போயிருக்க மாட்டோம்."

மாமி உன் காலைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ எங்களை மாதிரி ஆளுங்க?"

"அதுக்குத்தானே நான் வந்து பாக்கேன். மெஷின் சொன்னதோட விடக்கூடாது. மனுசன் வந்து பாக்கணும்."

"நீ வந்தம்மா" என்றார்கள் மாமி. "அவன் வரலியே."

ஏட்டம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். புறப்படும்போது நான் முதல்முறையாக வாயைத் திறந்தேன். "அவங்க ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்ல பிடிப்பாங்களா?" என்று கேட்டேன். "இங்கன யாரும் தொடமாட்டாங்க. அங்கன பத்தி நான் எப்படித் தாயி சொல்லுவேன்?" என்று உன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி நான் அடிக்கடி நினைக்கிறேன், மகனே. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. அந்த இயந்திரத்தை எடுத்துவிடலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டு எடு என்று சொல்ல முடியாது. இருக்கட்டும் என்று சொல்லப் போனால் உன் வாப்பாவின் குரல் காதில் விழுகிறது. நீ படித்தவனாகி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தால் எனக்கு வந்து சொல். எனக்குத் தெரிந்தது சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒருவரைப் படம் எடுப்பதற்கு முன் கேள். சிரிக்கிற முகமாக இருந்தாலும் கேள். நீ ஆண்பிள்ளை, உனக்கு அது விளையாட்டாகத் தெரியலாம். உன் மனைவிக்குப் போன் வாங்கினால் அவள் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, பாஸ்வேர்டை அவளையே போடச் சொல். ஒருவன் போனில் ஏதோ இருந்ததாம் என்று யாராவது சொன்னால், அதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகாதே. அதற்காகக் காதையும் மூடிக்கொள்ளாதே. ஏதாவது ஒரு பிள்ளை பேசாமல் ஒடுங்கியிருப்பதைப் பார்த்தால் நீயாகப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டு. அதை ஓர் இயந்திரம் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடாதே.

புத்தி சொல்கிறேனே தவிர என் பயம் போகவில்லை. உன்னைக் குளிப்பாட்டும்போது போனை வேறு அறையில் வைத்துவிட்டு வருவேன். நீ சுவரைப் பிடித்து முதல்முறை நின்றபோது என் கை போனைத் தேடியது. எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். நீ முழுச்சட்டை போட்டிருந்தாய், தொப்பிகூட இருந்தது. இருந்தும் கை வரவில்லை. எது தப்பாகத் தெரியும் என்று எனக்கு இப்போது தெரிவதில்லை.

உன் வாப்பாவுக்கு லீவு கிடைத்தது. அவரைக் கூட்டிவர உன் சாச்சா, அதாவது உன் வாப்பாவின் தம்பி, கார் ஏற்பாடு செய்தார். செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் திருவனந்தபுரம் போய்ச் சேரும்வரை நான் உன்னை மடியைவிட்டு இறக்கவில்லை. அவர் விமானம் ஏறிவிட்டாரா, ஏறும் முன்பே நிறுத்திவிட்டார்களா, எந்தச் செய்தியும் இல்லை. விமானம் இறங்கிவிட்டது என்று பலகையில் வந்தது. ஆட்கள் தள்ளுவண்டிகளோடு வெளியே வந்தார்கள். பேரீச்சம்பழ டப்பாவும் கம்பளியும் கட்டிய பெட்டிகள். ஒவ்வொருவரையும் யாராவது கட்டிப்பிடித்தார்கள். கூட்டம் குறைந்தது. அவர் வரவில்லை. மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார்கள். என் கையில் உன் காலணி ஒன்று இருந்தது. அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால், கார் ஏறிய பிறகும் உள்ளங்கையில் அந்தத் தடம் இருந்தது.

கடைசி ஆட்களில் ஒருவராக வந்தார். பெட்டி உடைந்து சாமான் சிதறிவிட்டதாம், பொறுக்கிக் கட்டிக்கொண்டு வர நேரமாகிவிட்டதாம். அதுதான் காரணம். அவ்வளவுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். சாச்சா போனைத் தூக்கிப் பிடித்து, "மதினி, பிள்ளையை இந்தப் பக்கம் திருப்புங்க, வீடியோ எடுக்கேன்" என்றார்.

"எடுக்காதீய!"

அது என் குரல்தான். அவ்வளவு சத்தம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாச்சா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. உன் வாப்பா மட்டும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி உன்னை வாங்கினார். வாங்கிய வேகத்தில் அவர் கைகள் கொஞ்சம் கீழே இறங்கின. சமாளித்துக்கொண்டு தூக்கினார். நீ அழவில்லை. அவர் மீசையைப் பிடித்தாய்.

"ஏட்டி, இவ்வளவு கனமாவா இருக்கான்? நீ சொல்லவே இல்லியே" என்றார்.

நான் அனுப்பிய எந்தப் படத்திலும் உன் கனம் இல்லை, மகனே. அவர் முகம் அப்போது எப்படி இருந்தது என்று காட்டவும் என்னிடம் படம் இல்லை. தூக்க முடியாத சந்தோஷத்தைத் தூக்கியவர் முகம்போல இருந்தது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

அடுத்த வாரம் அவர் திரும்பிப் போகிறார். அங்கே இறங்கும்போது யாராவது கேட்பார்களா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. என் பெயரில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கித் தந்திருக்கிறார். அது காலியாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் உன்னைத் தொட்டிலிலிருந்து தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருக்கிறார். நேற்று, "முந்தாநாளைக்கு இன்னைக்குக் கனம் கூடியிருக்கான்லா" என்றார். அவர் போன பிறகு கூடும் உன் கனத்தை அவருக்கு எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் உம்மா